பதினெட்டுக் குச்சி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வார்ப்பு இரும்புக் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாகப் பிசிறு தேய்க்கிறவன் ஆரம்பாக்கத்து லோகு. உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று ஓடுகிற எமரி பெல்ட்டில் இரும்புத் துண்டை வைத்து எடுத்துக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினால் போதும், அரை மில்லி கூடுதல் என்றாலும் சொல்லிவிடுவான். அப்பேர்ப்பட்ட கையை வைத்துக்கொண்டு பாவி மனுஷன் செய்த காரியத்தைக் கேட்டால் வயிறு எரியும்.

அவன் மகள் ஜெபா ஐந்து வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தாள். மோவாயில் நாலு தையல் போட்டார்கள், ஆறிவிட்டது. காதுக்கு முன்னால் இருக்கிற தாடை மூட்டிலும் அடி இறங்கியிருந்தது யாருக்குத் தெரியும்? மூட்டுக்குள் கட்டிய ரத்தம் மெல்ல மெல்ல எலும்பாகிக் கீழ்த்தாடையை மண்டையோட்டோடு ஒட்டிவிட்டது. பதினோரு வயதில் அவள் வாய்க்குள் சுண்டுவிரல் நுனிதான் போகும். இட்லியை நசுக்கிப் பல்லிடுக்கில் தள்ளுவாள். பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு நேரம் வந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள்.

சென்னையில் டாக்டர் ஜோதிலட்சுமி அறுவை சிகிச்சை செய்தார். வாய் திறக்காத பிள்ளைக்கு மயக்கம் கொடுப்பதே பெரும்பாடு. அவள் அரை விழிப்பில் இருக்கும்போதே கேமரா வைத்த குழாயை மூக்கு வழியாக மூச்சுக்குழலில் இறக்கினார்கள். பிறகு காதோரம் கீறி, ஒட்டிய எலும்பைச் செதுக்கி எடுத்து, மறுபடி ஒட்டாமலிருக்க நெற்றிப்பொட்டிலிருந்து ஒரு பட்டைத் தசையை மடித்து நடுவில் வைத்தார்கள். ஆறு வருஷத்துக்குப் பிறகு ஜெபா வாய் திறந்தாள்.

"என் வேலை பாதிதான் முடிஞ்சிருக்கு. மீதி உங்க கையில," என்று டாக்டர் தட்டையான ஐஸ் குச்சிகளை அடுக்கிக் காட்டினார். "பதினெட்டுக் குச்சி மேல்பல்லுக்கும் கீழ்பல்லுக்கும் நடுவுல நிக்கணும். தினம் நாலு தடவை. அழுதா அழட்டும். இரக்கப்பட்டு விட்டீங்கன்னா எலும்பு திரும்ப ஒட்டிக்கும்."

லோகுவின் மனைவி சின்னப்பொண்ணு ஷூ கம்பெனிக்கு விடியலில் கிளம்பிவிடுவாள். மத்தியான ஷிப்ட் போகிற லோகுவுக்குத்தான் காலைக் குச்சி. பன்னிரண்டு வரைக்கும் ஜெபா பொறுத்துக்கொள்வாள். பதிமூன்றாவதைச் சொருகும்போது கண்ணீர் பொலபொலவென்று கொட்டும்.

"வலிக்குது நைனா... உட்டுடு நைனா..."

எந்தத் தகப்பனுக்குத்தான் மனசு வரும்? ஆனால் சின்னப்பொண்ணு விடமாட்டாள். வேலைக்கு நடுவே போன் போட்டு, "இன்னா, எத்தினி போச்சி?" என்பாள். சாயங்காலம் வந்து அவளே எண்ணுவாள்.

ஒருநாள் லோகு குச்சிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போனான். ஆளில்லாத நேரத்தில் ஒவ்வொன்றையும் பெல்ட்டில் மெல்லிசாகத் தேய்த்தான். ஒரே வாரம்தான், வீக்கம் வடிந்ததும் நல்ல குச்சிக்கு மாற்றிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்த வாரம் முடியவே இல்லை. அவள் முனகும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் தேய்த்தான். தொட்டுப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத அழகில் தேய்த்தான்.

"நைனா, பதினெட்டும் பூந்துடுச்சி! வலியே இல்ல, பாரேன்!" என்று ஜெபா கைதட்டிக் குதித்தாள். சின்னப்பொண்ணு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள், என் மகளுக்குக் கர்த்தர் பதினெட்டுக் குச்சி கொடுத்தார் என்று. பக்கத்தில் லோகு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். டாக்டர் வரச்சொன்ன இரண்டு தேதிக்கும் லீவு கிடைக்கவில்லை என்று போனில் பொய் சொன்னான். "பதினெட்டு போவுது மேடம்," என்றான்.

மூன்றாம் மாதம் சின்னப்பொண்ணு அவனையும் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் அளவுகோலை ஜெபாவின் பல்லுக்கு நடுவில் வைத்தார். பதினாறு மில்லிமீட்டர். முப்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டியது. மறுபடியும் அளந்தார். குச்சிக்கட்டை வாங்கி, ஒன்றை எடுத்து விரலால் வளைத்தார். அது காகிதம் மாதிரி வளைந்தது.

"இதை யார் தேய்ச்சது?"

லோகு முன்னால் வந்தான். "நான்தான் மேடம். புள்ள அழுதுக்கினே இருந்துச்சி. தாங்கல."

"அட பாவி!" என்று சின்னப்பொண்ணு வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெபா மட்டும் அழவில்லை. பாதி மூடின பல்லோடு கேட்டாள்.

"அப்போ நான் பதினெட்டு வெக்கவே இல்லியா, நைனா?"



மறுபடியும் அறுத்தார்கள். புது எலும்பு முன்னைவிடக் கெட்டியாக வளர்ந்திருந்தது. இந்தத் தடவை விலாவிலிருந்து குருத்தெலும்பையும் எடுத்து வைக்க வேண்டியிருந்தது. முகத்தின் ஒரு பக்கம் கொஞ்சம் கோணிக்கொண்டது, வாயும் முழுசாகத் திறக்காது என்று டாக்டர் முன்னாலேயே சொல்லிவிட்டார். இப்போதும் காலைக் குச்சி லோகுவின் வேலைதான். புதுக் குச்சிகளை அடுக்கிக் கையில் பிடித்துக்கொண்டு அவள் எதிரில் உட்காருகிறான். ஜெபா ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து ஸ்கேலை எடுக்கிறாள். அவன் முகத்தைப் பார்க்காமல், அவன் கையிலிருக்கிற குச்சிக்கட்டின் தடிமனை அளந்து பார்க்கிறாள். அதற்குப் பிறகுதான் வாயைத் திறக்கிறாள்.