மில் சங்கு

நான் கூட்டிப் பெருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு, அப்பா வேலை பார்த்த நூல் மில்லை இடித்துக் கட்டியது. ஷிப்டு நேரத்துக்கு ஊதும் மில்லின் பழைய சங்கை மட்டும் அழகுக்காக வைத்திருக்கிறார்கள். இன்று அதை ஊதிப் பார்த்தார்கள். விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்டேன்.

என் சின்ன வயதில், மில்லைப் பூட்டிய பிறகும் அப்பா தினமும் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, "சங்கு ஊதுனா எழுப்பு சாமி" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வார். அவரைச் சிரிக்கவைக்க நினைத்து, ஒருநாள் சொம்புக்குள் வாயை வைத்து 'ஊஊ' என்று ஊதினேன். சோறில்லாத தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு அவர் ஓடியே போனார். ஷிப்டு முடிகிற நேரத்துக்குத்தான் திரும்பினார்.

"கேட்டைத் தொறந்துட்டாங்களாப்பா?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க சாமி," என்றார். "நீ நாளைக்கும் ஊது."