நாலு வீட்டுத் தண்ணீரைக் கொட்டிய கதை

போன மாதம் கொடைக்கானலில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். பிறந்த ஊருக்குப் போனால் கைக்குப் பழைய பழக்கம் திரும்பிவிடும். விடிந்ததும் பின்கட்டுக்குப் போய், நேற்றைய தண்ணீர் இருந்த குடத்தைச் சாய்க்கப் போனேன். தம்பி மனைவி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயையோ மதினி, கொட்டிராதீங்க! இனி நாலு நாளைக்கு லாரி வராது." கொடைக்கானலில் தண்ணீர் லாரியா! இந்த அலறலை முன்பும் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அது சென்னை சாந்தோமில், எனக்குக் கல்யாணமான புதிதில்.

நாங்கள் வளர்ந்த வீட்டுக்குப் பின்னால் பாறை ஊற்று ஒன்று மூங்கில் தூம்பு வழியாக ராப்பகலாக விழுந்துகொண்டே இருக்கும். அதை அடைக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை. இரவு தங்கிய தண்ணீரைப் பேரிமரத்துத் தூரில் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிப்பதுதான் நாளின் முதல் வேலை. அதைச் செய்யாவிட்டால் அம்மா காபிகூடத் தரமாட்டாள். ஈரப் பாசி வாசனை எங்கே வந்தாலும் எனக்கு அந்தக் காபி ஞாபகம்தான் வரும், என்ன செய்ய.

அறுபது வருஷத்துக்கு முன்பு, 1930-களின் தொடக்கத்தில், அச்சாபீசில் எழுத்துக் கோக்கும் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு சாந்தோம் வந்தேன். ஒரே வாசலுக்குள் நாலு குடித்தனம். கிணறு உண்டு, ஆனால் உப்புக் கரிக்கும், குடிக்கத் தெருக்குழாய்தான். பக்கத்துக் குடித்தனம் மீன் விற்கும் ரோசம்மா. இரண்டு பிள்ளை பிறந்து தங்கவில்லை, மூன்றாவதைச் சுமந்துகொண்டிருந்தாள். என்னைச் சீண்டுவதில் அவளுக்கு அலாதி இன்பம். "பெரிய வெள்ளி அன்னிக்கி கடல் தண்ணி இனிக்கும், போய் மொண்டுகினு வா" என்றாள். நானும் சொம்போடு போனேன்! திரும்பி வந்தபோது நாலு குடித்தனமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இனி இவளிடம் ஏமாறுவதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டேன். அதுதான் வினையாயிற்று.

ஒரு சாயங்காலம் நான் மாதா கோயிலுக்குப் போயிருந்தபோது தெருவில் தமுக்கடித்துச் சொன்னார்களாம். வந்ததும் ரோசம்மா, "நாளைக்குப் பூரா கொயாய்ல தண்ணி வராதாம்மே. எல்லாம் ரொப்பி வெச்சிக்கோ" என்றாள்.

நான் சிரித்தேன். "வராம எங்க போகும்?"

விடிவதற்குள் ரோசம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. பெண்கள் எல்லாரும் அவள் அறையில் இருந்தார்கள். நம்மால் ஆன உதவி என்று, வாசலில் நிறைந்திருந்த நாலு வீட்டுக் குடங்களையும் தவலைகளையும் தூக்கித் தூக்கிச் சாக்கடையில் கொட்டினேன். ஒன்றுவிடாமல். புளி போட்டுத் துலக்கிக் கவிழ்த்தும் வைத்தேன்! பிறகு ஒரு குடத்தோடு போய்த் தெருக்குழாயைத் திருகினேன். உஸ்ஸென்று காற்று வந்தது. விரலை விட்டுப் பார்த்தேன், உள்ளே காய்ந்திருந்தது.

திரும்பி வரும்போதே ரோசம்மாவின் குரல் கேட்டது. "ஒரு வாய் தண்ணி குடும்மே..." மருத்துவச்சி வெளியே வந்து, கவிழ்ந்திருந்த பாத்திரங்களைக் கண்டு அலறினாள். "அடிப்பாவி, கொட்டிட்டியா! பெத்துப் போடறவ வாய்ல உப்புத் தண்ணியா ஊத்தறது?"

சொம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். முன்பின் தெரியாத வாசல்களில் நின்று கையேந்தினேன். தண்ணீருக்குப் பிச்சை எடுப்பேன் என்று எங்கள் மலையில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனா? பக்கத்துத் தெருவில் ஒரு பாய் வீட்டம்மா, ஏன் எதற்கு என்று கேட்காமல், தன் பானையில் இருந்ததில் பாதியை ஊற்றினாள். அதை ரோசம்மா கண்ணை மூடிக்கொண்டு மடக்மடக்கென்று குடித்ததை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

நடுப்பகலில் பெண் குழந்தை பிறந்து வீறிட்டது. மற்றவர்கள் அன்று முழுக்கக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து முகம் சுளித்தார்கள். என்னோடு ஒருவரும் பேசவில்லை. ரோசம்மாதான் கூப்பிட்டாள். "கடல் தண்ணி இனிக்கும்னேனே, அதுக்குப் பதிலாம்மே இது?" என்றாள். நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

தம்பி வீட்டில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஊற்றைப் பார்க்கப் போனேன். அவன் பேத்தி துணைக்கு வந்தாள். தூம்பும் இல்லை, பேரிமரமும் இல்லை. பாறையில் பாசி காய்ந்து கறுப்புப் பொருக்காக ஒட்டியிருந்தது.

"இங்கே ராப்பகலாத் தண்ணி கொட்டும். மூடவே மாட்டோம்" என்றேன்.

"சும்மா சொல்லாதீங்க பாட்டி" என்று அவள் சிரித்தாள். அன்று சாயங்காலம் ரோசம்மாவைப் பார்த்து நான் சிரித்தேனே, அதே சிரிப்பு.