அண்ணன் காதுக்கு ஒரு ஹம்பக்கர்

ரிப்பேர் கடைக்காரர் பழைய செய்தித்தாளை விரித்து இரண்டு பிக்கப்புகளை எடுத்து வைத்தார். இரண்டும் ஹம்பக்கர். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். "உன் கிடார்ல ஒண்ணுக்குத்தான் எடம் கீது. எதுன்னு நீயே சொல்லு," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் எடுத்த முடிவை என் கச்சேரிக் குழுவில் ஒருவரும் மன்னிக்கவில்லை.

எலெக்ட்ரிக் கிடாரில் தந்திகளுக்கு அடியில் உட்கார்ந்து, அவற்றின் அதிர்வை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவதுதான் பிக்கப். என் கிடாரில் இருந்தது ஒற்றைக் கம்பிச் சுருள் கொண்டது. குரல் மெலிந்து கீச்சென்று இருக்கும். மேடையில் டியூப்லைட்டும் சீரியல் பல்பும் எரிந்தால், நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றாலும் அது மட்டும் 'உம்ம்' என்று முனகும். ஹம்பக்கரில் இரண்டு சுருள்கள். ஒன்றின் முனகலை மற்றது அடக்கிவிடும். அன்று மேசையில் இருந்தவற்றில் ஒன்று அளவாகக் கம்பி சுற்றியது. எவ்வளவு சத்தம் வைத்தாலும் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்கும். மற்றது நிறையக் கம்பி சுற்றிய முரட்டு ஆசாமி. சின்னச் சத்தத்திலேயே கனமாகப் பேசும், சத்தத்தை ஏற்றினால் குழைந்துவிடும். ஆடி மாதம் முழுக்க அம்பத்தூர், கொரட்டூர், பூந்தமல்லி என்று அம்மன் கோயில் மேடைகளில் வாசிக்கிறவன் கண்ணை மூடிக்கொண்டு முதலாவதைத்தான் எடுப்பான். நான் இரண்டாவதை எடுத்தேன். காரணம் என் அண்ணன்.

அண்ணன் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இரும்பைக் காய்ச்சி அடிக்கும் பட்டறையில் வேலை பார்த்தார். இளவயதிலேயே காது போகத் தொடங்கிவிட்டது. ஒப்புக்கொள்ள மட்டும் மாட்டார். யார் என்ன கேட்டாலும் அவரிடம் ஒரு பதில் தயாராக இருந்தது: "சாப்ட்டேன்." நம் ஊரில் எதிரே வருகிறவர் வாயைத் திறந்தால் பெரும்பாலும் அதைத்தானே கேட்பார்? அந்தச் சாமர்த்தியம் அவரைப் பல வருடம் காப்பாற்றியது. அப்பா இறந்த அன்று கவிழ்த்துவிட்டது. பந்தலுக்குள் வந்த ஒரு பெரியவர் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, "உசுரு எப்போ போச்சுப்பா?" என்று கேட்டார். "சாப்ட்டேன்," என்றார் அண்ணன். பிணத்தை எடுக்கும்வரை அடுப்பே மூட்டாத வீடு. பந்தலே அவரைத் திரும்பிப் பார்த்தது. என்ன கேட்டார்கள் என்று புரியாமல் அவர் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு கல்யாணம், காதுகுத்து எதற்கும் அவர் போகவில்லை. முகப்பேர் ஹவுசிங் போர்டு வீட்டில் நாங்கள் நான்கு பேர்: அண்ணன், அண்ணி, அவர்களின் கைக்குழந்தை, கல்யாணமாகாத நான். அண்ணி கத்திப் பேசுவார். குரல் உயர உயர அண்ணனுக்கு இன்னும் கேட்காது. அவர் இழந்திருந்தது கீச்சுக் குரல்களை. கனத்த சத்தங்கள் மட்டும்தான் மிச்சம். இதை நான் கண்டுபிடித்ததே கிடாரால்தான். ஒருநாள் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "இன்னாடா, வாசிக்கிறியா, சும்மா தடவிகினு கீறியா?" என்றார். மெல்லிய தந்திகளை விட்டுத் தடித்த தந்திக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். சத்தத்தை ஏற்றினால் கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்துவிடுவார். சின்னச் சத்தத்தில் கனமாகப் பேச ஒன்று வேண்டியிருந்தது.

ஹம்பக்கரைக் கிடாரின் கழுத்துப் பக்கம் பொருத்தினோம். குரல் அங்கேதான் இன்னும் தடிமனாக வரும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அப்பாவுக்குப் பிடித்த ஒரு பழைய பாட்டை வாசித்தேன். அண்ணன் தலையை ஆட்டவில்லை, தாளம் போடவில்லை. பாட்டு முடிந்ததும், "இது நைனா ஏரிக்கரையில பாடிகினு வருவாரே, அதானே?" என்றார். அதானே என்று அவர் கேட்ட விதத்தில் ஒரு பயம் இருந்தது. "அதேதாண்ணே," என்று பலமாகத் தலையை ஆட்டினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவர் வந்து உட்கார்ந்தார். வீட்டில் நாங்கள் பேசிக்கொண்டது அப்படித்தான்.

குழுவில் நிலைமை வேறு. "மச்சான், உன் கிடாரு கம்பளி போத்திகினு பாடுதுடா," என்று தபலாக்காரன் கிண்டல் செய்தான். பொய்யில்லை. மேடைச் சத்தத்தில் நான் வாசித்ததெல்லாம் கூழாகிவிடும். பிறகு கிடார் சத்தத்தையும் சேர்த்தே தருகிற கீபோர்டு வந்தது, என்னைக் கூப்பிடுவது நின்றது. வருத்தம்தான். ஆனால் கேட்பதற்கு ஒரு ஆள் இருந்ததால் தாங்கிக்கொண்டேன்.

அண்ணி விடாமல் நச்சரித்து அண்ணனுக்குக் காது மிஷின் வாங்கிப் போட்டார். என்ன மாதிரி மாறிப்போனார் மனுஷன்! டீக்கடையில் அரட்டை, கல்யாண வீடுகளில் முதல் பந்தி, தெருவில் போகிறவரை எல்லாம் நிறுத்தி நியாயம் பேசுவது. எனக்கு மனம் நிறைந்துபோனது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு காலியாகிவிட்டது. ஒரு சாயங்காலம் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியவர், நான் வாசிப்பதைக் கேட்டு வாசலில் நின்றார். உட்காருவார் என்று நினைத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார்:

"இன்னாடா இது, கெணத்துக்குள்ள வாசிக்கிற மாதிரி கீது? இத்தினி நாளா இதையாடா வாசிச்சுகினு இருந்த? நல்லதா ஒண்ணு வாங்கி மாத்துடா."

"சரிண்ணே," என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு சிரித்தபடி படியிறங்கிப் போனார்.

அண்ணன் இப்போது அண்ணியோடு காட்டுப்பாக்கத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். போனில் வந்தால் பேச்சை நிறுத்தவே மாட்டார். முகப்பேர் வீட்டில் நான் மட்டும். அவர் சொன்னது சரிதான், நல்ல காதுக்கு அந்த ஹம்பக்கர் மந்தம்தான். அதன் குரல் சரியாகக் கேட்ட காது ஒன்றே ஒன்று இருந்தது, அதுவும் குணமாகிவிட்டது. யாருக்காக அதை எடுத்தேன் என்று அவரிடம் நான் இதுவரை சொல்லவில்லை. அதை மாற்றவும் இல்லை.