அப்பா மார்க்கெட்டில் இருக்கிறார்

கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகளில் முதல் வரி எப்போதும் அதுதான்: "அப்பா மார்க்கெட்டுக்குப் போனார்." அதன் கீழே கேள்வி: "அப்பா எங்கே?" அதற்கும் கீழே கம்ப்யூட்டர் தானாக எழுதும் பதில்: "மார்க்கெட்டில்." எந்தப் பதில் வரவேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்போம். வந்த பதிலும் அதுவும் ஒன்றாக இருந்தால் ஓரத்தில் "சரி" என்று விழும், இல்லாவிட்டால் "தவறு" என்று விழும். தொண்ணூறுகளின் கடைசியில், பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் முன்னறையில், என் காலைகள் இந்தச் "சரி"யோடு தொடங்கின. முந்தின நாள் புரோகிராமில் எதையாவது மாற்றியிருந்தால், முன்பு ஒழுங்காகச் சொன்னதை அது இன்று உளறக்கூடும். அதனால் பழைய சின்னச் சின்னக் கதைகளையெல்லாம் தினமும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். முதல் கதை இந்த ஒற்றை வரிக் கதை. பல் தேய்ப்பதுபோல அதைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். ஹூப்ளியில் பேக்கரி, பம்பாயில் ஓட்டல், இடையில் லாரி என்று சுற்றிவிட்டுப் பெங்களூர் வந்து, லிங்கராஜபுரத்தில் ஒரு டைப்பிங் கடையில் கல்யாணப் பத்திரிகைகளும் சர்ச் நோட்டீஸ்களும் அடித்துக்கொண்டிருந்தேன். இரவு கடைக்குள்ளேயே படுக்கை. மழைக்காலத்தில் ஷட்டருக்குக் கீழே தண்ணீர் வந்தால் மேஜைமேல் படுக்கை. அந்தக் கடைக்குத்தான் சார் வந்தார். வேகமாகத் தமிழ் அடிக்கவும், சாதாரண ஜனங்கள் பேசுவதுபோல வாக்கியம் எழுதவும் ஒரு ஆள் வேண்டும் என்றார். அவருக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே இந்தப் புரோகிராமைச் செய்துகொண்டிருந்தார். தமிழில் ஒரு கதையை அடித்தால் கம்ப்யூட்டர் அதைப் புரிந்துகொண்டு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரு கம்பெனி அதை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. நான் ஜீவனஹள்ளியில் பெயின்டர்கள் நாலு பேரோடு ஒரு அறையில் சேர்ந்துகொண்டு, தினமும் நடந்தே வேலைக்குப் போனேன்.

புரிந்துகொள்வது என்றால் என்ன என்று முதல் வாரமே காட்டினார். வாக்கியத்தைக் கம்ப்யூட்டர் உடைத்து நாலு கட்டங்களில் போட்டுக்கொள்ளும். யார், என்ன செய்தார், எதை, எங்கே. அதற்குத் தெரிந்த உலகம் அந்தக் கட்டங்கள்தான். அதற்குமேல் ஒரே ஒரு விதி: மாறியதாக யாராவது சொல்லும்வரை எதுவும் மாறவில்லை. இந்த விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று காட்ட, அதை எடுத்துவிட்டு ஒரு கதையை ஓட்டினார். முருகன் கடைக்குப் போனான். மழை பெய்தது. முருகன் எங்கே? "தெரியாது" என்றது கம்ப்யூட்டர். மழைக்குப் பிறகும் முருகன் கடையில்தான் நிற்கிறான் என்று அதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சுவர் இன்னும் நிற்கிறது, கூரை இன்னும் மேலேதான் இருக்கிறது என்பதைக்கூட ஒவ்வொரு வரிக்குப் பிறகும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

நான் சிரித்துவிட்டேன். "மழை பெஞ்சா ஆள் காணாமப் போயிடுவானா சார்?"

அவர் சிரிக்கவில்லை. விதியைத் திரும்பப் போட்டார். உள்ளே சமையலறையில் உருண்டுகொண்டிருந்த பாத்திரச் சத்தம் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. அன்று அதற்கு அர்த்தம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

வீட்டில் சாரும் அவர் அம்மாவும் மட்டும்தான். மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருப்பவர்கள். அம்மா பேச்சு தமிழ், படிப்பு கன்னடம். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. ஹாலில் போன் அடித்தால் அவர்தான் எடுப்பார். சில சமயம் எதிர்முனையில் சாரின் அப்பாவைக் கேட்பார்கள் போலிருக்கிறது. "அவர் மார்க்கெட் போயிருக்காரே. வந்தா சொல்றேன்" என்பார். ரிட்டயர்டு மனிதர், காய்கறி வாங்குவதில் பிரியம் உள்ளவர் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் டீ குடிக்கும்போது சாரிடம் கேட்டேன். "அப்பாவை இன்னும் ஒரு தடவகூடப் பாக்கல சார். நான் போனப்புறம் வர்றாரா?"

"அவர் போயி நாலு வருஷம் ஆச்சு" என்றார்.

இறந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தினார். "இல்ல. மார்க்கெட்டுக்குப் போனார். அவ்வளவுதான் தெரியும்."

பிற்பாடு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மற்றதெல்லாம் தெரிந்தது. அரசாங்கத்தில் மராமத்து இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு காலை ஒயர் கூடையை எடுத்துக்கொண்டு நடந்து போனார். கீரைக்காரி அவரைப் பார்த்திருக்கிறாள். முருங்கைக்காயை எடுத்து முறுக்கிப் பார்த்துவிட்டு, வாங்காமல் நகர்ந்தாராம். அதற்குப் பிறகு அவரைப் பார்த்தவர்கள் இல்லை. போலீஸ், ஆஸ்பத்திரி, பிணவறை, ரயில்வே ஸ்டேஷன் எல்லா இடங்களிலும் தேடியிருக்கிறார்கள். சார் கம்பெனி வேலையை விட்டதும் அதற்காகத்தான். தேட இடம் இல்லாமல் போனபிறகு இந்தப் புரோகிராமை எழுத உட்கார்ந்தார். அவர் அதற்குச் சொன்ன முதல் கதை, அந்த ஒற்றை வரி.

எனக்கு இது புதிதாக இருந்தது. நான் எத்தனையோ ஊர்களை விட்டு, சொல்லிக்கொள்ளாமலும் சொல்லிக்கொண்டும் கிளம்பியிருக்கிறேன். என் அப்பா அம்மா என் சிறு வயதிலேயே இறந்துவிட்டார்கள், தேட ஆள் இல்லை. என்னைப் போன்றவன் போனால் போனதுதான், எங்களை ஒரு இடத்தில் இருப்பதாக யாரும் மனதில் வைத்திருப்பதில்லை. ஒரு மனிதரை நாலு வருஷமாக மார்க்கெட்டிலேயே நிறுத்தி வைத்திருக்கும் வீட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மறுநாள் காலையில் அந்த முதல் வரியை என்னால் சும்மா தாண்டிப் போக முடியவில்லை.

கம்பெனியிலிருந்து இரண்டு பையன்கள் பார்க்க வந்தார்கள். ஒருவன் உட்கார்ந்து அடித்தான். ரயில் ஸ்டேஷனில் நிற்கிறது. ஒரு வருடம் கழிந்தது. ரயில் எங்கே? "ஸ்டேஷனில்" என்றது கம்ப்யூட்டர். "உங்க கம்ப்யூட்டர் நிஜமாவே ரயில்ல போயிருக்கு சார்" என்றான் மற்றவன். எல்லோரும் சிரித்தோம். சாரும் சிரித்தார். ஆனால் அடுத்த முறை வரும்போது இது சரியாகியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இல்லாவிட்டால் வேலை கைமாறிவிடும் என்பது அவர்கள் சொல்லாமலே தெரிந்தது.

எந்தப் பொருள் எவ்வளவு நேரம் வைத்த இடத்தில் இருக்கும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தோம். அந்த நேரம் தாண்டினால் அது "தெரியாது" என்று சொல்ல வேண்டும். சார் ஒவ்வொன்றாகப் படிப்பார், நான் சொல்வேன், அவர் அடிப்பார். அம்மா கதவோரம் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அடுப்புல பால்?"

"பத்து நிமிஷம் சார்."

"அந்தப் பக்கம் திரும்பினா ரெண்டு நிமிஷம்" என்றார் அம்மா.

"வாசல்ல செருப்பு?"

"வீட்டு வாசலா, கோயில் வாசலா சார்?"

"கோயில்னா அது உன் அதிர்ஷ்டம்பா" என்று அம்மா சிரித்தார்.

"விருந்தாளி?"

"யாரு, என் தம்பியா? சனிக்கிழமை வரைக்கும். சாப்பாடு நல்லா இருந்தா திங்கள்."

அடுத்ததை சார் படித்தார். "வெளிய போன ஆள்."

 அம்மாவின் கத்தி மட்டும் பலகையில் விழுந்துகொண்டிருந்தது. சார் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, "காய்ச்சல்?" என்று அடுத்ததற்குப் போனார். காலியாக விட்டால் கம்ப்யூட்டருக்கு அது எப்போதும் என்று அர்த்தம்.

நேரக் கணக்குக்காக ஒவ்வொரு கதைக்கும் அது நடந்த தேதி ஒன்று இருந்தது; மற்ற கதைகளுக்கெல்லாம் அதை நான் புதுப்பித்துவிட்டேன். முதல் கதையை மட்டும் சார் தொட விடவில்லை. அதில் இருந்தது அவர் அப்பா போன தேதி. அந்தக் காலி இடத்தில் எதைப் போட்டாலும், ஒரு நாள் என்றாலும் ஒரு வருஷம் என்றாலும், முதல் பதில் மாறிவிடும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் தேவையில்லாத வேறு எதையெதையோ திருத்திக்கொண்டிருந்தார். "நான் போட்டுடட்டுமா சார்?" என்று ஒருநாள் கேட்டேன். "போடுங்க" என்றார். நான் நாற்காலியை இழுப்பதற்குள், "வேண்டாம், இருக்கட்டும்" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவின் தம்பி, தன் மகளின் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். வைத்துவிட்டுக் கிளம்பவில்லை. நான் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பதை அவர் பொருட்படுத்தவில்லை.

"அக்கா, புரோகிதர்கிட்ட கேட்டுட்டேன். தர்ப்பையில ஒரு உருவம் பண்ணி, அதைத் தகனம் பண்ணி, காரியத்தை முடிச்சுடலாமாம். கல்யாணத்துக்கு முன்னாடி பண்ணிட்டா நல்லது."

"யாருக்கு நல்லது?"

"உனக்குத்தான். ஆரத்திக்கு உன்னைக் கூப்பிடறதா வேணாமான்னு என் பொண்டாட்டி கேக்கறா. நான் என்னன்னு சொல்ல? பொட்டோட நிக்கற. மாமா எங்கன்னு கேட்டா மார்க்கெட்டுங்கற. இருக்கார்னு சொல்லு, இல்ல, இல்லைன்னு சொல்லு. ஏதாவது ஒண்ணு."

அம்மா என் பக்கம் திரும்பினார். "உங்க கம்ப்யூட்டர் எத்தனை பதில் சொல்லும்பா?"

"இருக்கு, இல்லை, தெரியாது. மூணும்மா."

"கேட்டியாடா? அதுக்கே மூணு இருக்கு. உனக்கு ரெண்டுதான்."

"கம்ப்யூட்டருக்கு யாரும் ஆரத்தி சுத்தச் சொல்லலியே அக்கா" என்றார் தம்பி.

அம்மா அதற்கும் சிரித்தார். பிறகு உள்ளே போய்விட்டார். தம்பி காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை நான் கதைகளை ஓட்டிக்கொண்டிருந்தபோது அம்மா குளித்துவிட்டு நேராக முன்னறைக்கு வந்தார். சாரும் இருந்தார். "முதல்ல என்ன வருதுப்பா? படி" என்றார் என்னிடம். நான் சாரைப் பார்த்தேன். பிறகு படித்தேன். அப்பா மார்க்கெட்டுக்குப் போனார். அப்பா எங்கே. மார்க்கெட்டில். சரி.

"சரியா?" என்று மகனைக் கேட்டார்.

அவர் மேஜைமேல் இருந்த தாள்களை அடுக்கினார்.

"நான் போன்ல சொல்றது பொய்னு எனக்குத் தெரியும். இதுக்கு எப்படித் தெரியும்? நீ சொன்னதை நம்பிட்டு உக்காந்திருக்கு. வெளிய போன ஆளுக்கு எவ்வளவுன்னு போட்டிருக்க?"

"ஒண்ணும் போடலம்மா."

"போடு."

"எவ்வளவும்மா போடறது?"

அம்மா ஈரத் தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தார். "சாயந்திரம் வரைக்கும்னு போடு. அன்னிக்கு சாயந்திரம் வரைக்கும் அவர் மார்க்கெட்லதான் இருக்கார்னு நெனச்சேன். அதுக்கப்புறம் ஒரு நாளும் நெனைக்கல."

சார் தலையைக் குனிந்துகொண்டார். "சாயந்திரத்துக்கு அப்புறம் என்ன வரும்? இல்லைன்னா?" என்று கேட்டார் அம்மா.

"இல்லம்மா. தெரியாதுன்னு வரும்."

"அஷ்டே. அது போதும்."

அவ்வளவுதான் என்பதற்குக் கன்னடத்தில் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அவர் சமையலறைக்குப் போனார். சார் சாயந்திரம் என்பதற்கான எண்ணைப் போட்டார். ஓட்டினேன். முதல் பதில் "தெரியாது" என்று வந்தது. எதிர்பார்த்த பதில் இன்னும் பழையதாகவே இருந்ததால், ஓரத்தில் "தவறு" என்று விழுந்தது. அதையும் மாற்ற வேண்டும். "அது இருக்கட்டும்" என்றார் சார். அதற்குப்பிறகு ஒவ்வொரு காலையும் எல்லாக் கதைக்கும் "சரி" விழும், முதல் கதைக்கு மட்டும் "தவறு" விழும். கம்பெனிப் பையன்கள் வந்து பார்த்துத் திருப்தியாகப் போனார்கள். அந்த ஒரு "தவறு" ஏன் என்று ஒருவன் கேட்டான். "பாத்துக்கலாம்" என்றார் சார்.

கல்யாணத்துக்கு அம்மா பொட்டோடுதான் போனார். ஆரத்திக்கு அவரைக் கூப்பிடவில்லை. அவர் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கவும் இல்லை. மணமக்களுக்கு அட்சதை போட்டுவிட்டு, முதல் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். காரியம் செய்ய அவர் கடைசிவரை சம்மதிக்கவில்லை.

கல்யாணம் முடிந்து சில நாட்களில் போன் அடித்தது. சாரின் அப்பாவோடு வேலை பார்த்த யாரோ. நானும் சாரும் முன்னறையில் இருந்தோம். "அவர் போயி ரொம்ப வருஷம் ஆச்சுங்க" என்று அம்மாவின் குரல் கேட்டது. "எங்க இருக்கார்னு தெரியலைங்க." கொஞ்ச நேரம் எதிர்முனை ஏதோ பேசியது. "இல்லைங்க, அப்படிச் சொல்லாதீங்க. தெரியலைன்னுதான் சொன்னேன்" என்றார். அவ்வளவு அமைதியாகச் சொன்னார். போனை வைக்கும் சத்தம் கேட்டது. சார் என்னைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

புரோகிராம் முடிந்ததும் நான் மறுபடி கிளம்பிவிட்டேன். இந்த முறை சொல்லிக்கொண்டு கிளம்பினேன். அம்மா எந்த ஊர் என்று கேட்டார். தெரியாது என்றேன். "போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணு. சும்மா எங்கேயோ இருக்கான்னு என்னால இன்னொருத்தரை வச்சுக்க முடியாது" என்றார். கோயம்புத்தூரிலிருந்து பண்ணினேன், பிறகு நாசிக்கிலிருந்தும் பண்ணினேன். ஒரு சமயம் அந்த எண் போகவில்லை.

இப்போது ஓசூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் காவல் வேலை. கையில் இருக்கும் போனிடம் தமிழில் எதைக் கேட்டாலும் பதில் சொல்கிறது. கட்டங்கள் இல்லை, விதியும் இல்லை, ஜனங்கள் எழுதியதையெல்லாம் படித்துத் தானே கற்றுக்கொண்டதாம். போன வாரம் பகல் நேரத்தில் கேட் அருகே உட்கார்ந்து அந்தப் பழைய கதையை அதில் அடித்துப் பார்த்தேன். அப்பா மார்க்கெட்டுக்குப் போனார். அப்பா எங்கே? "அப்பா மார்க்கெட்டில் இருக்கிறார்" என்று உடனே சொன்னது. வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றும் கேட்டது. அதன்மேல் குறை சொல்ல மாட்டேன். நானும் அவ்வளவுதானே சொன்னேன்.

எனக்கு நினைவுக்கு வந்தது சாரின் விரல்கள். வேகமாக அடிக்கக்கூடியவர், அம்மா அந்தப் போனை வைத்த அன்று, எதிர்பார்த்த பதில் இருந்த இடத்தில் ஒரே விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். பிறகு என்னை ஓட்டச் சொன்னார். பச்சை எழுத்தில் முதல் வரி வந்தது. அப்பா மார்க்கெட்டுக்குப் போனார். அப்பா எங்கே? தெரியாது. ஓரத்தில், சரி.