பெட்டிக்குள் இருந்த கறுப்புத் துணி

திருக்கோகர்ணத்தில் எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணைத் தெருவே நேபாளக்காரம்மா என்றுதான் சொல்லும். பட்டாளத்தில் இருந்த நம்மூர்க்காரரைக் கட்டிக்கொண்டு மிசோரத்திலிருந்து வந்தவர். குள்ளமான உருவம், எந்நேரமும் இறுக்கி முடிந்த கொண்டை. "மிசோரமுங்க, அதுவும் இந்தியாதான்" என்று ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

வருஷா வருஷம் பொங்கலுக்கு வீடு கழுவும்போது, பெட்டியிலிருந்து ஒரு கறுப்புத் துணியை எடுத்து மாடியில் உலர்த்துவார். வேப்பிலை வைத்து மடித்துத் திரும்பப் பூட்டிவிடுவார். அவர்கள் ஊரில் மாந்திரீகம் செய்வார்கள், இது அதற்கான துணி என்று தெருவில் பேச்சு. வகுப்பில் இந்திய வரைபடத்தில் மிசோரத்தைத் தொட்டுக் காட்டுகிற டீச்சர் நான், நானும் நம்பினேன்.

போன மாசியில் அவர் கணவர் இறந்துபோனார். அவர் அந்தத் துணியைக் கொண்டுவந்து உடம்பின்மேல் விரித்தார். சுற்றி நின்ற பெண்கள் விலகினார்கள்.

"என்னம்மா இது?" என்றேன்.

"எங்க ஊர்ல கல்யாணமாகிப் போற பொண்ணு இதைக் கொண்டுட்டுத்தான் போகணும், அக்கா. கடைசியில புருஷனுக்குப் போத்துறதுக்கு. கல்யாணத்தன்னைக்கே எங்கம்மா குடுத்துவிட்டாங்க."

துணியின் ஓரத்தை நீவி விட்டுக்கொண்டே கேட்டார்: "போத்தியாச்சு. இனிமே நான் இங்க இருக்கலாமா, அக்கா?"

இத்தனை வருஷமாக, பார்க்கும்போதெல்லாம் "ஊருக்கு எப்பம்மா போறீங்க?" என்றே அவரிடம் கேட்டு வந்தவள் நான்.