எல்சி ஊதச் சொல்லாத பகல்

காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் ஐஸ் உடைக்கிற எல்சிக்குத் தன் மூக்கின் மேல் அபார நம்பிக்கை. பெட்டிக்குள் இருப்பது நேற்றைய மீனா, முந்தாநாள் மீனா என்று மூடியைத் திறக்காமலே சொல்லிவிடுவாள். அதே மூக்கைப் பதினெட்டு வருஷமாக வீட்டு வாசலிலும் வேலைக்கு வைத்திருந்தாள். துறைமுகத்தில் கன்டெய்னர்களுக்குக் கம்பி பூட்டும் புருஷன் ஃப்ரெடி சாயங்காலம் வந்து நின்றால், கதவைப் பாதி திறந்து, "ஊது" என்பாள். ஊதுவான். வாடை வந்தால் அன்றைக்குப் படுக்கை வெளியே. ராயபுரத்துச் சந்தே இதைச் சொல்லிச் சிரிக்கும். சிரிக்கட்டுமே, அவர்களா அவனோடு குடித்தனம் நடத்தினார்கள்?

போன செப்டம்பரில் ஃப்ரெடி குடியை விட்டான். அதன்பிறகு யாரும் கேட்காமலே வாசலில் நின்று, அவள் முகத்துக்கு நேராக 'ஃபூ' என்று ஊதிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவான். அவனுக்கு அதில் பெருமை. அவளுக்கோ பயம் போகவில்லை. இதற்கு முன்னும் நாலு தடவை விட்டவன்தானே? ஒருமுறை மகள் ஜானட் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைப் பூசையன்றே கோயில் வாசலில் விழுந்து கிடந்தான்.

அதனால்தான் எல்சி கொடி கேட்டுப் போனாள். சிலுவைமுத்து அண்ணன் ஒவ்வொரு மே மாதமும் பழவேற்காட்டு மாதா கோயிலுக்குச் சைக்கிள் யாத்திரை கூட்டிப்போகிறவர். மூன்று நாள், பதினாலு சைக்கிள். கன்டெய்னர் லாரிகளுக்குப் பயந்து முடிந்தவரை கால்வாய்க்கரை மண்பாதையிலேயே போவார்கள். முன்னால் போகும் சைக்கிளில் மாதா கொடி. கொடிக்காரனுக்கு ஒரு நேமம் உண்டு: காலை செபத்தில் கொடி கட்டியதிலிருந்து சாயங்காலம் இறக்கும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. மாதாவுக்குக் கொடுத்த வாக்கை எவனும் மீறியதில்லை. இந்த ஒரு கட்டு விழுந்துவிட்டால் புருஷன் ஆயுசுக்கும் தப்பமாட்டான் என்று எல்சி நம்பினாள். அண்ணன் யோசித்தார். மூன்று முறை அவர் வீட்டுக்கு நடந்து, அழுது, கொடியை வாங்கிவிட்டாள். ஃப்ரெடி அவளுக்காகத்தான் தலையாட்டினான். அவளும் ஒரு சைக்கிளில் பின்னாலேயே கிளம்பினாள்.

முதல்நாள் எண்ணூரோடு முடிந்தது, பிழைத்தான். இரண்டாம் நாள் வெயில் காலை ஒன்பதுக்கே மண்டையைப் பிளந்தது. அத்திப்பட்டில் டயருக்குக் காற்றடிக்க நின்றபோது ஃப்ரெடியைப் பத்து நிமிஷம் காணவில்லை. எல்சி அதை மனதில் முடிந்துவைத்துக்கொண்டாள். அத்திப்பட்டைத் தாண்டினால் உப்பளம், சாம்பல் படிந்த புதர், அனல் மின்நிலையப் புகைபோக்கிகள். ஒதுங்க ஒரு மரமில்லை. ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்த குரல்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

மதியம் ஒரு மணி இருக்கும். கொடி சைக்கிள் இடமும் வலமுமாக ஆடியது. ஃப்ரெடி இறங்கினான். சைக்கிளைக் கரையில் விட்டெறிந்தான், கொடி சேற்றில் விழுந்தது. ஒரு மின்கம்பத்தைப் பார்த்து வழிவிடச் சொல்லிக் கெஞ்சினான், பிறகு சிரித்தான். நாக்கு குழறியது. கால் பின்னியது. இந்த ஆட்டத்தை எல்சி பதினெட்டு வருஷமாகப் பார்த்திருக்கிறாள்.

ஓடிப்போய் ஓங்கி ஒரு அறை விட்டாள்.

"மாதா கொடிய புடிச்சிகினே குடிச்சியா?"

"இல்ல மே" என்றான். அதுகூடக் குழறியது.

பனைமரத்தடியில் பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள். இவன் அந்த மரத்தடியிலேயே பாதி ஆயுளைக் கழித்தவன். யார் நம்புவார்கள்? அண்ணன் கொடியை எடுத்துத் துடைத்தார், ஃப்ரெடி பக்கம் திரும்பவில்லை. போதை தெளியட்டும், யாரும் தொடக்கூடாது என்று எல்சியே உத்தரவு போட்டாள். தூரத்தில் ஒரு சீமைக்கருவேலப் புதர் இருந்தது. அதன் நிழலில் போய், அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இருபது நிமிஷம். வெயிலில் அவன், நிழலில் இவள்.

ஃப்ரெடியோடு துறைமுகத்தில் வேலை செய்யும் ஜெரிதான் மனசு கேட்காமல் அவனிடம் போனான். போனவன் அலறியடித்துக்கொண்டு வந்தான்.

"அக்கா, ஒடம்பு தோசக்கல்லு மாதிரி கீது. ஒரு சொட்டு வேர்வ இல்ல. அத்திப்பட்டுல செவுத்துக்குப் பின்னால வாந்தி எடுத்துகினு இருந்தாரு. ஒன்கிட்ட சொல்லாதன்னாரு."

வேர்வை இல்லையா? குடித்தால் சட்டை பிழியுமளவுக்கு வேர்க்கிறவன் ஆயிற்றே. எல்சி எழுந்து ஓடினாள். கண் செருகிக் கிடந்தவனின் வாயில் மூக்கை வைத்தாள். ஒன்றுமில்லை. காய்ந்த அனல் மட்டும் வந்தது. எட்டு மாதமாக அவன் தானாக ஊதிக் காட்டியதையெல்லாம் மோந்தவள், இன்றைக்கு ஒரு தடவை மோந்து பார்க்காமலே தீர்ப்பு எழுதிவிட்டாளே, பாவி.

கரைக்கு அந்தப் பக்கம் ரோட்டில் ஒரு மினி வேன் வந்தது. பழவேற்காட்டிலிருந்து காசிமேட்டுக்கு இறால் ஏற்றிவரும் பீம்ராவ். தினமும் அவள் உடைத்த ஐஸை வாங்கிப்போகிறவன். எல்சி ரோட்டின் நடுவில் நின்று கையை விரித்தாள். போன கோடையில் ஐஸ் கம்பெனியில் ஒரு லோடுமேன் வெயில் தாக்கி இப்படித்தான் விழுந்து செத்தான். இத்தனை ஐஸை வைத்துக்கொண்டு ஏன் அவனை அதில் போடவில்லை என்று டாக்டர் திட்டியது அவள் காதிலேயே இருந்தது.

ஐஸ் பெட்டியைக் காலி பண்ணச் சொல்லிக் கத்தினாள். பீம்ராவ் ஐஸை விட்டுவிட்டு, பெரிய பெட்டியிலிருந்த இறாலை ரோட்டிலேயே வாரிக் கொட்டினான். அண்ணன்தான் குறுக்கே வந்தார்.

"வேணாம்மா. பொணத்ததான் ஐஸ் பெட்டில வெப்பாங்க. உசுரோட கீறவன வெச்சா..."

"நான் அவன வெயில்ல வெச்சிட்டேன்ணா" என்றாள் எல்சி. "தள்ளு."

நாலு பேர் தூக்கினார்கள். ஐஸை இரண்டு கையாலும் வாரி அவன் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் அடைத்தாள். குடிக்கிற தண்ணீர் கேன் ஆறையும் மேலே கொட்டினார்கள். வண்டி ஓட ஓட அவன் தலையை மடியில் ஏந்தி, இறால் வாடைக்கு நடுவே, "மாதாவே, தப்பு என்னுது, அவன விட்டுடு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், எப்போது விழுந்தார் என்று. இருபது நிமிஷத்தையும் மறைக்காமல் சொன்னாள். அவர் நிமிர்ந்து ஒருமுறை பார்த்தார். ஐஸில் போட்டதால்தான் உயிர் இருக்கிறது, கிட்னி என்ன ஆகும் என்று நாளைக்குத்தான் சொல்ல முடியும் என்றார்.

ஐந்து மணிக்கு ஃப்ரெடி கண் திறந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் எல்சி குனிந்தாள். தன் முகத்துக்கு அத்தனை அருகில் அவள் முகத்தைப் பார்த்ததும், அவன் மெல்ல மூச்சை இழுத்தான். வெடித்த உதட்டைக் குவித்தான்.

'ஃபூ' என்று ஊதினான். பிறகு, கதவு திறக்கக் காத்திருப்பவன் மாதிரி அவளையே பார்த்தான்.