பையில் வைக்காத தட்டச்சு

வியாழன், மாலை நான்கு மணி. வெள்ளி விடியலில் ரயில். ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில் ஒரே ஒரு இரவு தங்கல், மறுநாள் காலை ஒரு கூட்டம், மதியம் திரும்புதல். இதற்காக நான் கட்டிலில் பரப்பி வைத்திருந்தவற்றைப் பார்த்துவிட்டு என் கணவர், "ஊருக்குப் போறியா, வீடு மாத்துறியா?" என்றார்.

வாங்கி ஒன்பது நாளே ஆன லேப்டாப். அதற்கு இரண்டு சார்ஜர். டிவியில் மாட்டும் கேபிள் இரண்டு, ஒன்று ஐந்து மீட்டர், ஒன்று பத்து. நெட்டுக்கு இரண்டு கம்பெனியின் டாங்கிள். பவர் பேங்க் இரண்டு. மலையில் பிளக் பாயின்ட் எங்கே இருக்குமோ என்று எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். இவ்வளவும் போட்டதும் பை தோளை இறக்கியது. பழைய லேப்டாப்பை உள்ளே வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். ஏழு மணிக்குக் கடைசியாக எடுத்து மேசை மேல் வைத்துவிட்டேன். புதுசு இருக்கும்போது பழசு எதற்கு?

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் மற்றவர்கள் பேசப் பேச, நான் கூடவே தமிழில் தட்டச்சு செய்வேன். அது பெரிய திரையில் ஓடும். காது கேளாதவர்கள் அதைப் படித்துக் கூட்டத்தைப் பின்தொடர்வார்கள்.

இந்த முறை படிக்கப் போகிறவர் ஸ்டெல்லா. சந்தவாசல் பக்கத்து அடிவார ஊர்க்காரர், நாற்பத்திரண்டு வயது. இருபத்தாறு வயதில் வந்த ஒரு காய்ச்சல் இரண்டு காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பேசுவார், நன்றாகப் படிப்பார், சைகை மொழி தெரியாது. மலையிலும் அடிவாரத்திலும் சாமை விற்கும் பெண்கள் சேர்ந்து வைத்திருக்கும் சங்கத்தில் அடிவாரக் குழுவுக்கு அவர்தான் பிரதிநிதி. போன கூட்டத்தில் நாள் முழுக்கப் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்து, நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். சாமையின் உமியை நீக்கும் மெஷின் மலைக்கே போய்விட்டது என்று ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்ததாம். அவருடைய குழுப் பெண்கள் இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. இப்போது இரண்டாவது மெஷின் யாருக்கு என்று பேசப் போகிறார்கள். யாராவது எழுதிக் காட்டினால் வருகிறேன், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சங்கத்துக்குச் சொல்லிவிட்டார். அப்படித்தான் என்னைத் தேடிப் பிடித்தார்கள்.

வெள்ளி, காலை 9.20. ஜோலார்பேட்டையில் இறங்கினேன். ரயிலில் மூன்று தரம் பையைத் திறந்து எண்ணியாகிவிட்டது. பக்கத்து இருக்கைக்காரர் நான் நகை வைத்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். வெளியே அன்சர் பாய் வெள்ளை நிற வாடகைக் காரோடு நின்றிருந்தார். வாணியம்பாடிக்காரர். போக வர நாலாயிரத்து இருநூறு என்று போனிலேயே பேசியது. பையைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாங்க மேடம், உள்ள கல்லு கில்லு வச்சிருக்கீங்களா?"

"கம்ப்யூட்டர் சாமான் பாய்."

"ஒரு நாளைக்கா?" என்று கேட்டு, டிக்கியைச் சாத்திவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

திருப்பத்தூர், ஆலங்காயம், காவலூர், பிறகு ஜமுனாமரத்தூர். பாயின் மீட்டரில் மொத்தம் அறுபத்தெட்டு கிலோமீட்டர். ஆலங்காயத்தில் டீ குடித்தோம், பதினைந்து ரூபாய். நான் பாதி கிளாஸை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். காவலூர் ஏற்றத்தில் மழை பிடித்துக்கொண்டது. புரட்டாசி முடிகிற நேரம், மரங்கள் எல்லாம் கழுவி வைத்தது போல இருந்தன. அழகான இடம்தான். நான் பார்த்தது என்னவோ போனின் மேல் மூலையை. நான்கு கோடு மூன்றானது, ஒன்றானது, பிறகு காணவே இல்லை.

"டவர் போய்டுச்சா? வரும், போவும். மலைல அப்டித்தாங்க" என்றார் பாய்.

எனக்குக் கவலை இல்லை. ஓட்டல் மேனேஜரிடம் முன்பே கேட்டிருந்தேன். "டவர் கிடைக்குமா?" என்றதற்கு, "டவர் ரூமே போட்டு வச்சிட்டேங்க" என்று சொல்லியிருந்தார்.

பகல் 12.40. டவர் ரூம் என்பது என்ன என்று தெரிந்தது. ஓட்டலின் பின்பக்கம், மலையைப் பார்த்துப் போட்டோ எடுக்க இரும்பில் ஒரு கோபுரம் கட்டியிருக்கிறார்கள். என் ஜன்னலைத் திறந்தால் அதன் படிக்கட்டு.

"எல்லாரும் இந்த ரூமைத்தான் கேப்பாங்க மேடம்" என்றார் மேனேஜர் தணிகாசலம் பெருமையாக. வாடகை ஆயிரத்து எண்ணூறு.

"நான் கேட்டது செல்போன் டவருங்க."

"அதா? அது கரன்ட் இருந்தா கொஞ்சம் கிடைக்கும். இப்ப கரன்ட் இல்லீங்களே."

சரி, தட்டச்சுக்கு நெட் வேண்டாம், கேபிள் போதும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தேன். தமிழுக்கு மாற்றினேன். விரல்கள் தம் போக்கில் 'யளனக' என்று அடித்தன. திரையில் வந்தது: அஇஉஃ.

தும்மல் போல இருந்த அந்த நான்கு எழுத்தை அழித்துவிட்டு மறுபடி அடித்தேன், அதே தும்மல். நான் தட்டச்சு கற்றது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில், இரும்பு மெஷினில். லோயர், ஹையர் இரண்டும் முதல் வகுப்பு. அந்தப் பழைய விசை முறையைக் கம்ப்யூட்டரில் கொண்டுவர ஒரு சின்ன மென்பொருள் போட வேண்டும். பழைய லேப்டாப்பில் என்றைக்கோ போட்டது; போட்டதையே மறந்துபோனேன். கோப்புகளை, அகராதிகளை, எழுத்துருக்களை எல்லாம் புதுசுக்கு மாற்றியவள் இதை மாற்றவில்லை. இந்த ஒன்பது நாளும் வீட்டில் பழசில்தான் வேலை செய்துகொண்டிருந்தேன். புதுசில் தானாகவே வரும் தமிழ் விசை முறைகள் என் விரலுக்கு அறிமுகமே இல்லாதவை. நிமிடத்துக்கு எட்டு வார்த்தை தேறினால் அதிகம். எனக்கு என் மேலேயே கோபம் கோபமாக வந்தது.

பிற்பகல் 3.15. அறைக்குள் இருப்புக் கொள்ளவில்லை. "எங்கயாவது நெட் கிடைக்கற இடத்துக்குப் போலாமா பாய்?" என்றேன். தணிகாசலம் வழி சொன்னார்: காவலூர் ரோட்டில் ஆறு கிலோமீட்டர், வலது கைப்பக்கம் ஒரு பாறை, வண்டிங்க நின்னுனு இருக்கும். நின்றிருந்தன, ஏழு பைக். பாறை மேல் குடையோடு ஏழெட்டுப் பேர், ஆளுக்கு ஒரு திசையைப் பார்த்துப் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் ஏறினேன். டாங்கிளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். டவுன்லோட் பட்டை இரண்டு விழுக்காடு வரை போய், அங்கேயே படுத்துவிட்டது.

பக்கத்தில் நின்றவர் எட்டிப் பார்த்தார். "அக்கா, இது பேசற டவரு. நெட்டு டவரு இல்ல."

நாற்பது நிமிடம் நின்றேன். இரண்டு மூன்றாகவில்லை. கீழே ஆலங்காயம் போய் வரலாம் என்றேன். மழையில் ரோட்டில் மரம் விழுந்திருக்கிறது, நாளைக் காலைதான் வெட்டுவார்கள் என்று அந்தப் பக்கமிருந்து பைக்கில் வந்தவர் சொன்னார். போளூர் பக்கம் இறங்கினால் இருட்டிவிடும், மழையில் ராத்திரி மலை ஏற முடியாது என்று பாய் காரின் கதவைத் திறந்து விட்டார். திரும்பும் வழியெல்லாம் நான் நகத்தைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

மாலை 5.30. போளூர் பக்கமிருந்து வந்த வேனில் ஸ்டெல்லா வந்து இறங்கினார். கத்தரிப்பூ நிறப் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை. நான் ஒரு நோட்டில் நடந்ததையெல்லாம் எழுதி நீட்டினேன். கடைசி வரி, 'மன்னிச்சிடுங்க'. அவர் வரிவரியாகப் படித்தார்.

"இப்ப இன்னா, திரும்பியும் சும்மா உக்காந்துட்டுப் போவணுமா நானு?" என்றார். தன் குரல் தனக்குக் கேட்காததால் சத்தமாகத்தான் பேசுவார். வரவேற்பறையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள்.

ஸ்டெல்லா நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு தன் போனை எடுத்து, வேலூரில் நர்சிங் படிக்கும் மகள் அனுப்பிய செய்திகளைக் காட்டினார். 'amma saptiya, maathra potiya, naalaiku pesa readyaa.' எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்.

"இத நான் தெனம் படிக்கிறேன். உங்களுக்கு இங்கிலீஷு டைப் வேகமா வருமில்ல? இதுமாரி அடிங்க."

வரும். நன்றாகவே வரும். ஆனால் நான் வாழ்நாளெல்லாம் ஒற்றுப்பிழை பார்த்து மற்றவர்களை நச்சரித்தவள். என் சொந்தத் தங்கைக்கே, தமிழைத் தமிழில் அனுப்பு என்று குடும்பக் குழுவில் பாடம் எடுப்பவள். நாற்பது பேர் முன்னால், பெரிய திரையில், அந்த அலங்கோலமா? நோட்டில் 'அது சரியாக இருக்காதே' என்று எழுதினேன்.

"சரியா இல்லன்னா நான் கேட்டுக்கறேன். வாயி நல்லாத்தான இருக்குது எனக்கு" என்றார் ஸ்டெல்லா.

சனி, காலை 10.15. ஓட்டலின் கீழ்த்தளக் கூடம். கரன்ட் விடியலில் வந்துவிட்டது, நெட்தான் வரவில்லை. நாற்பத்துச் சொச்சம் பெண்கள், டேபிள் ஃபேன் இரண்டு, சுவரில் டிவி. பத்து மீட்டர் கேபிள்தான் எட்டியது. திருப்பத்தூரிலிருந்து வந்திருந்த சங்கத்தின் செயலாளர் மைக்கைப் பிடித்தார். நான் 'ellaarukkum vanakkam' என்று அடித்தேன். கூடத்தில் சிரிப்பு எழுந்தது. ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை. முதல் வரிசையில் முன்னே சாய்ந்து, உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் நான் செயலாளரின் வேகத்தைப் பிடித்துவிட்டேன்; அவர் இருமினால்தான் எனக்கு ஓய்வு.

11.40. இரண்டாவது மெஷின் பற்றிய பேச்சு வந்தது. அந்தப் பக்கத்துப் பேச்சில் மழை என்பது மள ஆகும். வேகமாகச் சொன்னால், அதுவும் கரகரக்கும் மைக்கில் சொன்னால், அந்த ள-வும் ல ஆகிவிடும். செயலாளர் வேகமானவர். ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். வேகத்தில் எனக்கு மழையும் malai, மலையும் malai; கேட்டபடி அடித்தேன்: 'rendaavadhu machine malaikku appaala keela varum.'

"எல்லாருக்கும் சம்மதம்தானே? கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. மலைப் பெண்களும் தூக்கினார்கள், அடிவாரப் பெண்களும் தூக்கினார்கள். ஸ்டெல்லாவின் கை மட்டும் திரையை நோக்கி நீண்டது.

"சார், அது மழையா, மலையா?"

கூடம் முழுவதும் கேட்கிற குரல். செயலாளர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"மழைக்கு அப்பாலன்னா மழை முடிஞ்சதும் எங்களுக்குன்னு அர்த்தம். மலைக்கு அப்பாலன்னா மலை ஊருங்களுக்கெல்லாம் குடுத்து முடிச்சிட்டு எங்களுக்குன்னு அர்த்தம். எது?"

"மழதான்!" என்று அடிவாரப் பக்கம் நான்கைந்து குரல்.

"இல்ல, மலதான! எங்க ஊருங்களுக்குக் குடுத்துட்டுத்தான கீழன்னாரு?" என்று எழுந்தார் ஒரு மலைப் பெண்.

"மலைக்கு அப்பாலன்னா மலைக்கு அந்தாண்ட, திருப்பத்தூரு பக்கம்னு நெனச்சேன் நானு" என்றார் இன்னொருவர்.

காது நன்றாகக் கேட்கும் நாற்பது பேர் ஒரே வாக்கியத்தை மூன்று விதமாகக் கேட்டு, மூன்று விதமாகச் சம்மதித்திருக்கிறார்கள். நான் விசைகளின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். என் அருமைத் தட்டச்சு முறை இருந்திருந்தால் யாரையும் கேட்காமல் ஒரு ழ போட்டிருப்பேன். எனக்குக் கேட்டது மழைதான். ஸ்டெல்லாவும் அதைப் படித்துவிட்டுச் சந்தோஷமாகக் கையைத் தூக்கியிருப்பார். நினைக்கவே பயமாக இருந்தது.

செயலாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தான் சொல்ல வந்தது மலைதான் என்றார். மலையில் இன்னும் ஐந்து ஊர்கள் பாக்கி, அவற்றுக்குப் பிறகுதான் அடிவாரம். அடிவாரப் பக்கம் ஒரே கூச்சல். மலைப் பக்கமும் விடவில்லை. நான் எல்லாவற்றையும் அடித்தேன், யார் என்ன சொன்னார்கள் என்று பெயரோடு அடித்தேன். ஸ்டெல்லா ஒவ்வொன்றையும் படித்துப் படித்துப் பதில் சொன்னார். ஒன்றேகால் மணிக்கு ஒரு முடிவுக்கு வந்தார்கள். மெஷின் தைப் பொங்கல் வரை மலையில், பொங்கல் கழிந்த முதல் திங்கட்கிழமை அடிவாரத்துக்கு. அதைச் செயலாளரே சாக்பீஸால் போர்டில் தமிழில் எழுத வேண்டும் என்று ஸ்டெல்லா கேட்டார். எழுதினார். அதை ஸ்டெல்லா போட்டோ எடுத்துக்கொண்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

பிற்பகல் 2.30. அத்திமூர் வழியாக இறங்கினோம். ஸ்டெல்லாவைச் சந்தவாசலில் விட்டுவிட்டு, கணியம்பாடி வழியாகப் போனால் காட்பாடியில் எனக்கு மாலை ரயில். அவர் பின் இருக்கையில் என் பக்கத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். போளூர் தாண்டியதும் போனில் கோடுகள் நான்கும் திரும்பி வந்தன. கணவரின் ஆறு செய்திகள் குதித்தன. திறக்கத் தோன்றவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் மனதை அரித்துக்கொண்டிருந்தது. லேப்டாப்பை மடியில் திறந்து அடித்தேன்: 'andha malaiya neenga mudhalla eppadi padicheenga?'

வண்டி சந்தவாசல் கடைத்தெருவுக்குள் திரும்பியது. அவர் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். கதவைப் பிடித்தபடி குனிந்து, அந்த உரத்த குரலில் சொன்னார்.

"மழைன்னுதாம்மா படிச்சேன். எனக்கு வேண்டியது அதான. வேண்டியது மாரியே வந்துச்சா, அதான் சந்தேகமா இருந்துச்சு, கேட்டுட்டேன்."